அவன் திரும்பும் இடத்தில் நிறுத்தாதே

மகன்,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. நான் அழைக்கும்போதெல்லாம் உன் போன் அடித்து ஓய்கிறது. ஓய்ந்து கொஞ்ச நேரத்தில், "அம்மா, எடிட்டிங்கில இருக்கன், பிறகு எடுக்கிறன்" என்று ஒரு வரி வருகிறது. அந்தப் பிறகு இன்னும் வந்து சேரவில்லை. உன் சிநேகிதர்கள் நடத்தும் சிற்றிதழுக்காக ஒரு பிள்ளை போன வாரம் என்னோடு பேசியது. "ரீச்சர், படத்தப் பார்த்த ஆக்கள்ல நீங்க மட்டுந்தான் எழும்பி நிண்டீங்க. அதப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்களன்" என்றது. ஒரு பக்கத்தில் முடிகிற கதையா இது? ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நீ என் அழைப்பை எடுக்காமல் இருக்கலாம், உன் படத்தைப் பற்றி அச்சில் வருவதைப் படிக்காமல் இருக்கமாட்டாய். பெற்ற பிள்ளையோடு பேசுவதற்கு ஊருக்கெல்லாம் கேட்கப் பேசவேண்டியிருக்கிறது. எனக்கு வெட்கம் பார்க்க நேரமில்லை. உன் படம் இந்த மாத முடிவில் வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போகிறதாம், போய்விட்டால் அதில் ஒரு துண்டைக்கூட மாற்ற முடியாதாம். அதற்குள் அந்தக் கடைசிக் காட்சியை நீ மாற்றவேண்டும். காலில் விழு என்றால் விழுகிறேன். இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அதற்கான காரணம்தான்.

நீ இந்தச் சினிமாப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது என்ன படிப்பு என்று எனக்கு விளங்கியிருக்கவில்லை. கலியாண வீட்டில் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் பையன்களைப்போல உனக்கும் ஒரு தொழில் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வருடத்தில் ஒரு விடுமுறைக்குக் கதிரவெளி வீட்டுக்கு வந்தபோது நீ ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். பரிசோதனைக் குறும்படங்கள் பற்றிய இரசனைக் கட்டுரை. "எழுத்துப் பிழை மட்டும் பாருங்கம்மா" என்றாய். வாழ்க்கை முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் கொப்பி திருத்திய கை, சும்மா இருக்குமா? சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தேன். ஒரு படத்தில் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிறது, அவ்வளவுதான், கடைசியில் ஆடை படிகிறது, படம் முடிகிறது. இன்னொன்றில் ஒரே கதவு திரும்பத் திரும்பத் திறக்கிறது, ஒவ்வொரு முறையும் நாங்கள் எதிர்பார்ப்பது வேறாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். கமராவே இல்லாமல் பிலிம் சுருளை ஊசியால் கீறிச் செய்த படம் ஒன்று. எங்கள் வகுப்பில் மேசையில் கொம்பாசால் கீறிய பையனைப் பிடித்து வெயிலில் நிறுத்தினோமே, அவன் இப்போது எந்த நாட்டில் விருது வாங்கிக்கொண்டிருக்கிறானோ என்று நினைத்துச் சிரித்தேன். கடைசியாக ஒரு படம். அதில் திரை முழு இருட்டு, யாரோ பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் கேட்கிறது. அந்த இடத்தில் ஓரத்தில் சிவப்பு மையில் "படம் எங்கே?" என்று எழுதினேன். நீ பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "காது இரிக்குத்தானேம்மா" என்றாய்.

அதே கட்டுரையில் ஒரு வரிக்கு நான் சரி போட்டதும் நினைவிருக்கிறது. ஒரு படத்தின் பொருள் அதன் துண்டுகளில் இல்லை, துண்டுகளை வைக்கும் ஒழுங்கில் இருக்கிறது, அதே துண்டுகளை வேறு ஒழுங்கில் வைத்தால் அது வேறு படம் என்று எழுதியிருந்தாய். வசனம் பிழையில்லாமல் இருந்ததால்தான் அன்று சரி போட்டேன். அதன் அர்த்தம் எனக்கு இப்போதுதான் தேவைப்படுகிறது. அந்த வரியை மறக்காமல் வைத்திரு, இந்தக் கடிதத்தின் கடைசியில் அதைத்தான் உன்னிடம் திருப்பித் தரப்போகிறேன்.

உன் அண்ணனைப் பற்றி இதழைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, ஆகவே கொஞ்சம் சொல்லவேண்டும். சுதன் என் மூத்த பிள்ளை. தன்னாமுனையில் பெண் எடுத்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவார், வீடு பெண்ணுக்கே எழுதிய வீடு. அதனால் கலியாணத்தோடு அவன் எங்கள் வீட்டு ஆள் இல்லை, உன் அண்ணியின் வீட்டு ஆள். வாவியில் ஒரு தோணி வைத்திருந்தான், ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது, கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவுஸ்திரேலியாவுக்குப் படகேறியிருக்கிறான் என்று பிறகுதான் அண்ணி அழுதுகொண்டு சொன்னாள். அந்தப் படகு எங்கேயும் போய்ச் சேர்ந்ததாக யாரும் சொல்லவில்லை. கவிழ்ந்ததாகவும் யாரும் சொல்லவில்லை. ஒரு தீவில் வைத்திருக்கிறார்களாம் என்றார்கள். இந்தோனேசியாவில் ஒருவர் கண்டாராம் என்றார்கள். சாத்திரம் பார்த்தவர் கிழக்குத் திசையில் மூச்சு இருக்கிறது என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வந்து, கிழக்கே பார்த்த எங்கள் வாசல் படலையை நான் எத்தனை வருடமாகப் பூட்டவில்லை என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வைகாசியிலும் கண்ணகையம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போய் நின்று, வேறு ஒன்றுமே கேட்காமல் இதை மட்டுந்தான் கேட்கிறேன். அம்மனுக்கே என் முகத்தைக் கண்டு கண்டு அலுத்துப்போயிருக்கும்.

உன் அப்பா நெஞ்சுவலியில் போனபோது, முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு அவருடைய படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டினோம். மாலையும் போட்டோம். சின்னச் சிவப்பு மின்குமிழைப் பூட்டியது நீதான். அதுவரை மனிதர் கடலுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று என் காது படலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. படம் ஏறிய பிறகு ஒருநாளும் போகவில்லை. சோறு போடும்போது கை தானாக ஒரு தட்டைக் குறைத்துக்கொண்டது. உனக்குச் சினிமா படிப்பித்தவர்கள் அசையாத படத்தைப் பற்றி என்னவெல்லாமோ சொல்லியிருப்பார்கள். எங்கள் வீடுகளில் ஒருவர் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதனால்தான் தன்னாமுனை வீட்டுச் சுவரில் இருந்த சுதனின் கலியாணப் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்கச் சொன்னேன். யாரோ ஒரு உறவுக்காரி வந்த இடத்தில் அதில் ஒரு பூவைச் செருகிவிட்டுப் போயிருந்தாள். அண்ணியை வெறும் நெற்றியோடு கண்டாலும் விடமாட்டேன், பொட்டை வை என்பேன். அவளும் வைப்பாள். பேசாமல் வைப்பாள். அந்தப் பேசாமையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி அந்தக் காலை. நீ படிக்கும் இடத்து மண்டபத்தில் எல்லோருடைய படங்களையும் காட்டுகிறார்கள், வந்து பாருங்கள் என்றாய். என்ன படம் என்று கேட்டேன். "வந்து பாருங்கம்மா" என்றாய், முகத்தைத் தரவில்லை. நான் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்தேன். திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். உன் படம் தொடங்கியதும் திரை முழுக்கச் சாம்பல் புள்ளிகள், ஊரும் புள்ளிகள். பக்கத்தில் இருந்த பிள்ளை, பழைய போனில் எடுத்ததை மிகவும் கிட்டப் பெரிதாக்கினால் அப்படித்தான் வரும் என்று எனக்காக மெல்லச் சொன்னது. மெதுமெதுவாக அந்தப் புள்ளிகள் விலகித் தண்ணீரானது. தண்ணீரில் வட்டங்கள். விரிந்து போகவேண்டிய வட்டங்கள் சுருங்கிச் சுருங்கி ஒரு மனிதனின் காலுக்குள் போய் மறைந்தன. பின்பு முதுகு. இடது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. நான் குளிப்பாட்டிய முதுகு. அவன் வாவிக்குள்ளிருந்து பின்பக்கமாக நடந்து கரைக்கு வருகிறான், வர வர ஆள் பெரிதாகிறான், கால் வெளியே வந்ததும் மணலில் இருந்த சுவடு ஒவ்வொன்றாக அழிகிறது. நீ படத்தைப் பின்னோக்கி, மறுபக்கமாக ஓட்டியிருக்கிறாய் என்று எனக்கு அந்த நேரத்தில் எப்படித் தெரியும்? என் கண்ணுக்கு என் பிள்ளை தண்ணீரை விட்டு வீட்டுக்கு வருகிறான். நான் எழும்பிவிட்டேன். "வாறான்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் பின்பக்கம் கிறுகிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதற்காவது அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

கரைக்கு வந்தவன் முகத்தைத் திருப்பினான். சிரித்தான். வாய் எதையோ சொல்லப்போவதுபோலத் திறந்தது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டாய். முகம் அப்படியே உறைந்து, மெல்ல வெளிறி, திரை வெள்ளையாகி, அதில் அவன் பெயர் வந்தது. பெயரின் கீழே அவன் பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, படகேறிய வருடம். அந்தக் கோடு. மரண அறிவித்தல் ஒட்டும் மதிலில் தவிர வேறெங்கே பார்த்திருக்கிறேன் அதை? பிறகு கலந்துரையாடினீர்கள். காலத்தைத் திருப்பி ஓட்டி இழப்பைப் பேசியிருக்கிறீர்கள் என்று ஒரு மாணவி நன்றாகத்தான் சொன்னாள். கடைசியில் உறையவைத்தது மிக நேர்மையான முடிவு என்றார் ஒரு விரிவுரையாளர். யாருக்கு நேர்மை என்று கேட்கவேண்டும்போல இருந்தது. நீ எழுந்து நன்றி சொன்னாய். கைதட்டினார்கள். வெளியே வாகை மரத்தின் கீழே உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஆரக் கேட்டுடா அந்த வருசத்தப் போட்டாய்?" நீ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "அம்மா, அத மட்டும் என்னட்டக் கேக்காதீங்க." எனக்கு அது திமிராகப் பட்டது. "கைதட்டு வாங்கிறதுக்கு உன்ட அண்ணனச் சாகடிச்சுப்போட்டாய்" என்றேன். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நீ பின்னால் வந்தாயா என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்த நாளிலிருந்து சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வெளிறும் முகம். இவ்வளவு காலம் அவனை நான் நினைத்த நேரமெல்லாம் அவன் அசைந்துகொண்டிருந்தான், சட்டையைக் கழற்றுவான், தலை துவட்டுவான், பேசுவான். இப்போது நினைத்தால் உன் படத்தில் உறைந்தபடியே வருகிறான். நீ எனக்கு என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. கோபத்தில் ஒரு திட்டம் போட்டேன். தன்னாமுனைக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அவளை என் பக்கம் சேர்த்துக்கொள்வது, பிறகு இரண்டு பேருமாக நீ தங்கியிருக்கும் போடிங்குக்கே வந்து நிற்பது. தாய்க்கு அடங்காதவன் அண்ணிக்கு அடங்குவான் என்று ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு மருந்துக்கடையில் வேலை இல்லாத நாள். நான் போனபோது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. வழமைபோல அதை முதலில் சொல்லவந்து, பெரிய விசயம் இருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். முதுகு வந்ததைச் சொன்னேன், முகம் வந்ததைச் சொன்னேன், அந்தக் கோட்டைச் சொன்னேன். "தம்பிக்காரன் செய்யிற வேலையா புள்ள இது? நீதான் கேக்கணும் அவன" என்றேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை. துருவியபடியே சொன்னாள்.

"நான்தான் மாமி போடச் சொன்னன்."

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன்.

"அந்த வருசத்த. நான்தான் சொன்னன். அவர்ர போனயும் நான்தான் தம்பிட்டக் குடுத்தன். தம்பி முதல்ல மாட்டன் எண்டான். அம்மா தாங்கமாட்டா எண்டான். நான்தான் அழுது கேட்டன். படத்துல ஒருக்காப் போடு, மறுகா ஊருக்குச் சொல்லத் தேவல்ல எண்டன்." தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு நேர சொல்ல எனக்கு ஏலாது மாமி. எத்தின தரம் வாயெடுத்திரிக்கன். நீங்க பொட்ட வை எண்டுவீங்க. நானும் வெச்சிருவன். ஆராவது என்னக் கேட்டு வந்தா என்ன சொல்லுற? நான் ஆரு மாமி? கட்டினவளா, அறுத்தவளா? அவர் வருவார் எண்டு நீங்க இரிக்கீங்க. நீங்க இரிக்கிறதால நானும் இரிக்கன்."

குசினி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை மகன், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், கோபம்தான் வந்தது. என் பிள்ளையை முடித்துவைக்க இவள் யார் என்று. பிறகுதான் உறைத்தது, அந்த உரிமை யாருக்காவது இருந்தால் அது இவளுக்குத்தான். அவன் இந்த வீட்டு ஆள். இந்த வீட்டுச் சுவரில் எந்தப் படம் இருக்கவேண்டும், எதைக் கழற்றவேண்டும் என்று கதிரவெளியில் இருந்து பஸ் ஏறி வந்து தீர்மானிக்கிறவள் நான். நீயோ இதையெல்லாம் தெரிந்துகொண்டு, வாகை மரத்தின் கீழே உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, நான் சொன்ன அந்தச் சொல்லைத் தலையில் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். ஒரு வார்த்தை, "அண்ணிதான் சொன்னா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பாய். சொல்லவில்லை. அதற்காக உன்னைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போலவும் இருக்கிறது, கன்னத்தில் ஒன்று போடவேண்டும்போலவும் இருக்கிறது. மற்றவர்களுக்காக வாயைக் கட்டிக்கொள்வது நல்ல குணம்தான். ஆனால் அப்படிக் கட்டிக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பது நல்ல குணமில்லை. வீட்டில் ஏற்கனவே ஒருவன் பேசாமல் போய்விட்டான், நீயும் அதைப் பழகாதே.

அண்ணி எழுந்து போய், நீ திருப்பிக் கொடுத்திருந்த அந்தப் போனைக் கொண்டுவந்தாள். பொத்தான் வைத்த சின்னப் போன், சார்ஜரில் போட்டால்தான் உயிர் வரும். "முழுசாப் பாருங்க மாமி, நேரா" என்றாள். நேரே ஓடும்போது அவன் கரையில் நின்று சிரிப்பதில்தான் தொடங்குகிறது. நடு மத்தியானம், வெயில் கண்ணைக் கூசுகிறது. வாய் திறக்கிறது. இந்தத் தடவை குரல் வந்தது. "சோத்தப் போடுகா, தோணியக் கட்டிப்போட்டு இந்தா வாறன்." அவ்வளவுதான். திரும்பி, முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, தோணியைப் பார்த்து நடக்கிறான். பின்னால் அண்ணி அவசரப்படுத்தும் குரல், "கெதியா வாங்க." முடிந்தது. உன் படத்தில் அந்தக் குரலே இல்லையே என்று கேட்டேன். மறுபக்கமாக ஓட்டினால் குரல் வேறு பாஷைபோல ஆகிவிடுகிறது, அதனால் நீ எடுத்துவிட்டதாக அண்ணி சொன்னாள். நான் இன்னொருக்கா போடச் சொன்னேன். இன்னொருக்கா. கதவு திரும்பத் திரும்பத் திறக்கும் படத்தைப் பற்றி நீ எழுதியிருந்தது சரிதான் மகன், ஒவ்வொரு முறையும் நான் எதிர்பார்த்தது வேறாகத்தான் இருந்தது. முதலில் அவன் போகாமல் விடுவான் என்று பார்த்தேன். பிறகு ஒருக்காத் திரும்பிப் பார்ப்பான் என்று பார்த்தேன். கடைசியில் அந்தக் குரலை மட்டும் கேட்டேன். இவ்வளவு வருடத்தில் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். அதைச் சொல்லி அழுதேன், அவளும் அழுதாள். பிறகு அவள் சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. வெளிக்கிடும்போது பொட்டு வை என்று சொல்லவில்லை. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க மாமி, தம்பி படிப்பான்" என்றாள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். அவன் இல்லை என்று நான் சொல்லமாட்டேன் மகன். என் வாயால் அது வராது, என்னை அதற்கு நெருக்காதே. அண்ணி சொல்லட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது, அவளுக்கு அது தேவை. அந்தப் பெயரையும் வருடங்களையும் நீ எடுக்கவேண்டாம். ஆனால் அதைக் கடைசியில் வைக்காதே. முதலில் வை. படம் தொடங்கும்போதே வரட்டும், கோடும் வரட்டும், பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும், அண்ணியும் நிம்மதியாகட்டும். அதற்குப் பிறகு உன் புள்ளிகள் வரட்டும், தண்ணீர் வரட்டும், வட்டங்கள் சுருங்கட்டும். அவன் வரட்டும். அதே துண்டுகள், வேறு ஒழுங்கு. நான் சரி போட்ட உன் வரி இது. நீ வைத்த ஒழுங்கில் அவன் வந்து சாகிறான். நான் கேட்கும் ஒழுங்கில் செத்த பிறகும் வருகிறான். கதிரவெளியில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள் உனக்கு எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறாளே என்று உன் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். வேறு எதில் வேண்டுமானாலும் நீ சொன்னபடி கேட்கிறேன்.

அவன் முகத்தைத் திருப்பும் இடத்தில் நிறுத்தாதே. உறையவைக்காதே, வெளிறவிடாதே. அவனை எங்கள் கூடத்தில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டுவதுபோல ஆகிவிடும், நான் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்கமாட்டேன். வாய் திறக்கும்போது வெட்டிவிடு. வெட்டினால் ஆள் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான், எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதை என்னால் தாங்க முடியும், இவ்வளவு காலம் அதைத்தானே தாங்கிக்கொண்டிருக்கிறேன். வெட்டிய பிறகு வெள்ளை வேண்டாம், இருட்டு வை. படம் பின்னோக்கி ஓடியதென்றால் ஓடட்டும், அந்த இருட்டில் குரலை மட்டும் நேராக ஓடவிடு. சோத்தப் போடுகா என்று அவன் சொல்லட்டும். தோணியைக் கட்டிவிட்டு இந்தா வாறன் என்று சொல்லட்டும். கெதியா வாங்க என்று அண்ணி சொல்லுவதோடு முடி. இந்த முறை நான் எழும்பமாட்டேன். படம் எங்கே என்று கேட்கவும் மாட்டேன்.

இதைப் படித்ததும் போனை எடு. ஒன்றும் சொல்லவேண்டாம், எடுத்தால் போதும். படத்தைத் திரும்பக் காட்டும்போது என்னையும் அண்ணியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவை. அந்த மண்டபத்துக்காரரிடம் ஒன்று மட்டும் சொல்லிவை, குரல் முடிந்தவுடனே விளக்கைப் போட்டுவிட வேண்டாம் என்று.

அம்மா